பழைய லேப்டாப்பைச் சுத்தமாகத் துடைத்து விண்டோஸ் 11-க்கு மாற்றுவது எப்படி?

விண்டோஸ் 10-க்கு வந்துகொண்டிருந்த இலவசப் பாதுகாப்பு அப்டேட்டுகளை 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. தனியாகப் பதிவு செய்துகொள்பவர்களுக்கு மட்டும் 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு என்று அறிவித்தது. 2018, 2019 வாக்கில் லேப்டாப் வாங்கியவர்கள் பலர் விண்டோஸ் 11-க்கு மாற நினைப்பது இதனால்தான். அந்த லேப்டாப்போ பல ஆண்டுக் குப்பையைச் சுமந்துகொண்டிருக்கிறது. பொத்தானை அழுத்திவிட்டுக் காபி போட்டுக் குடித்துவிட்டு வரலாம், அதற்குள் திரை வந்திருந்தால் அதிர்ஷ்டம். அதன் மேலேயே புதிய விண்டோஸைப் போட்டால் பழைய குப்பையும் கூடவே வரும். அதனால் முதலில் ஃபேக்டரி ரீசெட் (இருப்பதை அழித்து விண்டோஸைப் புதிதாகத் தொடங்குவது), பிறகு அப்கிரேடு என்ற வரிசை நல்லது.

அழிப்பது இதில் மிகச் சுலபமான பகுதி. நாலைந்து முறை சுட்டினால் முடிந்தது. அழித்த பிறகு எதெல்லாம் திரும்ப வராது என்பதை முன்கூட்டியே கண்டுபிடிப்பதில்தான் பாடு. கடையில் கொடுத்து ஃபார்மட் செய்து வாங்குபவர்கள் அழுவதும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஆகவே இந்தக் கட்டுரையிலும் ரீசெட்டுக்கு முந்தைய வேலைகளே அதிக இடம் பிடிக்கும்.

முதலில், உங்கள் லேப்டாப் விண்டோஸ் 11-ஐ ஏற்குமா?

செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் அபவுட் என்ற பக்கத்தைத் திறந்தால் பிராசசரின் பெயர் இருக்கும். இன்டெல் என்றால் ஐ3, ஐ5, ஐ7 என்பதற்கு அடுத்து வரும் எண்ணைப் பாருங்கள். ஐ5-8250யூ என்றிருந்தால் எட்டாம் தலைமுறை, விண்டோஸ் 11 ஏற்கும். ஐ5-7200யூ என்றிருந்தால் ஏழாம் தலைமுறை, ஏற்காது. ஒரே கடையில் ஓராண்டு இடைவெளியில் வாங்கிய இரண்டு லேப்டாப்புகளில் ஒன்று தேறுவதும் மற்றொன்று தோற்பதும் இப்படித்தான். ஏஎம்டி ரைசன் லேப்டாப்புகளில் 3000 வரிசையிலிருந்து கவலையில்லை. அதற்கு முந்தையவற்றைப் பெயரை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள்.

சந்தேகமே வேண்டாம் என்றால் மைக்ரோசாஃப்டின் பிசி ஹெல்த் செக் என்ற சிறு மென்பொருளைப் போட்டு ஓடவிடுங்கள். எது குறை என்று அதுவே சொல்லிவிடும். பிராசசர் சரி, ஆனால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வசதி இல்லை என்று சொன்னால் பதற வேண்டாம். பெரும்பாலான லேப்டாப்புகளில் அது இருக்கும், அணைத்து வைக்கப்பட்டிருக்கும். பயாஸ் (விண்டோஸ் எழுவதற்கு முன்பே இயங்கும் அடிப்படை மென்பொருள்) அமைப்புக்குள் போய் இன்டெல் என்றால் பிடிடி, ஏஎம்டி என்றால் எஃப்டிபிஎம் என்ற பெயரில் தேடி இயக்கினால் போதும். ஆனால் கீழே பிட்லாக்கர் பற்றிச் சொல்லியிருப்பதைப் படித்த பிறகே பயாஸில் கை வையுங்கள்.

குறைந்தபட்சத் தேவை 4 ஜிபி ராம் என்கிறது மைக்ரோசாஃப்ட். ஓடும் என்பது உண்மைதான், ஓட்டுபவருக்குத்தான் பொறுமை வேண்டும். ராமை 8 ஜிபி ஆக்குங்கள். உள்ளே இன்னும் பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் இருந்தால் எஸ்எஸ்டி போடுவதற்கே முதல் செலவு. அப்படி எஸ்எஸ்டி மாற்றப் போகிறீர்கள் என்றால் பழைய டிஸ்க்கை ரீசெட் செய்வது வீண் வேலை. புதிய எஸ்எஸ்டியில் நேராக விண்டோஸ் 11-ஐ பென் டிரைவிலிருந்து போட்டுவிட்டு, பழைய டிஸ்க்கை அப்படியே பத்திரமாக எடுத்து வையுங்கள்.

லேப்டாப் தேறவில்லை என்றால்? சோதனைகளை ஏமாற்றி விண்டோஸ் 11-ஐ ஏற்றும் வழிகள் ஊர் முழுக்கச் சுற்றுகின்றன. புதியவர்களுக்கு நான் அதைச் சொல்வதில்லை. அப்படிப்பட்ட கணினிகளுக்கு அப்டேட் வரும் என்பதற்கு மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தருவதில்லை, அப்டேட்டுக்காகத்தானே மாறுகிறோம்? இணையம், கடிதம், வீடியோ அளவுக்கு விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட் தாராளமாகப் போதும்.

எந்த வழியில் துடைப்பது?

மூன்று வழிகள் உண்டு. ஒன்று, விண்டோஸுக்குள்ளேயே இருக்கும் ரீசெட் வசதி. இரண்டாவது, லேப்டாப் நிறுவனம் டிஸ்க்கின் ஒரு மூலையில் மறைத்து வைத்திருக்கும் ரெகவரி பகுதி. கணினியை இயக்கும்போது எச்பி என்றால் எஃப் 11, ஏசர் என்றால் ஆல்ட்டுடன் எஃப் 10, ஆசஸ் என்றால் எஃப் 9 விசையைத் தட்டினால் அது திறக்கும். லெனோவோவின் பல மாடல்களில் பின் நுழையும் அளவுக்குச் சிறிய துளைப் பொத்தான் ஓரத்தில் இருக்கும். மூன்றாவது, பென் டிரைவிலிருந்து எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போடுவது.

வாங்கிய நாள் நிலை என்பதற்கு நேர் பொருள் இரண்டாவது வழிதான். ஆனால் அதை நான் கடைசியில் வைப்பேன். 2019-இல் வாங்கிய லேப்டாப் என்றால் அந்த மூலையில் இருப்பது 1809 அல்லது 1903 என்ற பழைய விண்டோஸ் 10. விண்டோஸ் 11-க்குத் தாவக் குறைந்தது 2004 பதிப்பாவது (ஆண்டு அல்ல, பதிப்பு எண்) வேண்டும். ஆக, பின்னோக்கிப் போய், மறுபடி அப்டேட்டுகளை வரிசையாக ஏற்றி முன்னோக்கி வர வேண்டியிருக்கும். நிறுவனம் ஆசையோடு ஏற்றி அனுப்பிய விளம்பர மென்பொருட்களும், சோதனைக் கால ஆன்டிவைரஸும் கூடவே திரும்பி வரும்.

முதல் வழியில் அந்தத் தொல்லை இல்லை. இப்போது இருக்கும் பதிப்பே சுத்தமாகத் திரும்ப வரும், வைஃபை போன்ற பாகங்களை இயக்கும் டிரைவர் மென்பொருட்களும் பெரும்பாலும் தப்பித்துவிடும். புதியவர்களுக்கு இதுவே ஏற்றது.

மூன்றாவது வழி யாருக்கு? கடையில் யாரோ ஃபார்மட் செய்து, உரிமம் இல்லாத விண்டோஸைப் போட்டுக் கொடுத்த லேப்டாப்பு வைத்திருப்பவர்களுக்கு. சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்று ஸ்டார்ட் மெனுவில் தேடித் திறந்து, பயாஸ் மோட் என்ற வரியைப் பாருங்கள். அங்கே யுஇஎஃப்ஐ என்ற புதிய முறை இருக்க வேண்டும். லெகசி என்று இருந்தால், கடைக்காரர் பழைய முறையில் போட்டிருக்கிறார். அதை விண்டோஸ் 11 அப்படியே ஏற்காது. பயாஸில் லெகசியை மட்டும் யுஇஎஃப்ஐ ஆக மாற்றினால் இருக்கும் விண்டோஸும் எழாது. தரவை எல்லாம் வெளியே எடுத்துவிட்டு, யுஇஎஃப்ஐக்கு மாற்றி, டிஸ்க்கின் எல்லாப் பகுதிகளையும் அழித்துப் புதிதாகப் போடுவதே நேர்வழி. இதில் டி டிரைவ், ஈ டிரைவ் எதுவும் மிஞ்சாது என்பதை மறக்க வேண்டாம்.

எடுத்து வைக்க வேண்டியவை

டாகுமெண்ட்ஸ், டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் என்ற நான்கு ஃபோல்டர்களை எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுப்பது எல்லோரும் செய்வதுதான். நம் ஊர் லேப்டாப்புகளில் சி, டி, ஈ என்று பிரித்து வைப்பது வழக்கம் என்பதால், "எல்லாம் டியில் இருக்கிறதே" என்று சிலர் நிம்மதியாக இருப்பார்கள். டி என்பது அதே டிஸ்க்கின் இன்னொரு பகுதிதான். ஓர் இடத்தில் தவறாகச் சுட்டினால் அதுவும் சேர்ந்து போகும். லேப்டாப்பை விட்டு வெளியே ஒரு நகல் இருந்தால்தான் அது நகல்.

ஒன்டிரைவ் பயன்படுத்துபவர்கள் கோப்பின் ஓரத்தில் இருக்கும் சின்னத்தைக் கவனியுங்கள். மேகச் சின்னம் இருந்தால் அந்தக் கோப்பு இணையத்தில் மட்டுமே இருக்கிறது. பச்சை டிக் இருந்தால் கணினியிலும் இருக்கிறது. எதுவும் இல்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கும் நீல அம்புகள் என்றால் இன்னும் மேலே போய்ச் சேரவில்லை. அது முடியும் வரை எதையும் அழிக்கக் கூடாது.

தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. அச்சகம், நோட்டரி அலுவலகம், பள்ளி வினாத்தாள், கோயில் அழைப்பிதழ் என்று இன்றைக்கும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் வேலை நடக்கிறது. இவை எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான யூனிகோடு முறை அல்ல. எழுத்துரு இல்லாத கணினியில் அந்தக் கோப்பைத் திறந்தால் தமிழ் இருந்த இடமெல்லாம் ஆங்கில எழுத்துகளும், மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் அரைப்புள்ளிகளுமாகக் கலைந்து கிடக்கும். கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்துத் தூக்கிப் போட்டவர்களும் உண்டு. கோப்பு கெடவில்லை, எழுத்துருதான் போய்விட்டது. ரீசெட் இந்த எழுத்துருக்களை விட்டுவைக்காது. செட்டிங்ஸில் பெர்சனலைசேஷன், அதில் ஃபான்ட்ஸ் என்ற பக்கத்தில் உங்கள் எழுத்துருவைச் சுட்டினால், அதன் கோப்பு எந்த இடத்தில் இருக்கிறது என்ற முகவரி அங்கேயே தெரியும். அங்கே போய் நகலெடுங்கள். எல்லோருக்கும் பொதுவாகப் போட்டவை விண்டோஸ் ஃபோல்டருக்குள்ளும், உங்களுக்கு மட்டும் போட்டவை உங்கள் பெயரிலுள்ள மறைந்த ஆப்டேட்டா ஃபோல்டருக்குள்ளும் இருக்கும் என்பதால் இரண்டு இடங்களையும் பாருங்கள். என்எச்எம் ரைட்டர், அழகி, இ-கலப்பை எது பயன்படுத்தினாலும் அதன் நிறுவல் கோப்பையும், எந்த விசைப்பலகை முறையைத் தேர்ந்திருந்தீர்கள் என்பதையும் குறித்து வையுங்கள்.

கணக்கு வேலைக்கு டேலி வைத்திருப்பவர்கள் டேட்டா ஃபோல்டரை நகலெடுப்பதோடு, டேலிக்குள்ளேயே இருக்கும் பேக்கப் வசதியிலும் ஒரு நகல் எடுத்துவிடுங்கள். அதைவிட முக்கியம், உரிமத்தை டேலிக்குள்ளிருந்தே சரண்டர் செய்வது. செய்யாமல் துடைத்துவிட்டால், இல்லாமல் போன ஒரு கணினியில் உரிமம் மாட்டிக்கொண்டதாகக் கணக்கில் நிற்கும், பிறகு அதை விடுவிக்க அலைய வேண்டும். வருமான வரி, ஜிஎஸ்டி தாக்கலுக்கான டிஜிட்டல் கையொப்ப டோக்கனுக்குப் பயமில்லை. சான்றிதழ் அந்த யுஎஸ்பி டோக்கனுக்குள்ளேயே இருக்கிறது, கணினியில் அதன் டிரைவரை மட்டும் மறுபடி போட வேண்டும். கடவுச்சொல் நினைவிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

லேப்டாப்போடு வந்த எம்எஸ் ஆஃபீஸ் ஏதோ ஒரு மைக்ரோசாஃப்ட் கணக்கோடு கட்டப்பட்டிருக்கும். அது யாருடைய மின்னஞ்சல்? வாங்கிய அன்று கடைப் பையன் அவசரத்துக்குத் திறந்து கொடுத்த கணக்காக இருந்தால் இன்றே கண்டுபிடியுங்கள். வேர்டைத் திறந்து அக்கவுன்ட் பக்கத்தைப் பார்த்தால் பெயர் தெரியும். குரோம், எட்ஜ் போன்ற பிரவுசர்களில் சேமித்த கடவுச்சொற்கள் உங்கள் கணக்கோடு சிங்க் ஆகின்றனவா என்று பாருங்கள். கோப்பாக ஏற்றுமதி செய்தால் அதில் எல்லாக் கடவுச்சொற்களும் பூட்டில்லாமல் திறந்தபடி இருக்கும், வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள். அவுட்லுக்கில் மின்னஞ்சல் சேமிப்பவர்கள் பிஎஸ்டி கோப்பைத் தேடி எடுங்கள்.

எல்லாம் நகலெடுத்த பிறகு அந்த ஹார்ட் டிஸ்க்கை வேறொரு கணினியில் செருகி, நாலைந்து கோப்புகளைத் திறந்து பாருங்கள். பெயர்ப் பட்டியல் வந்தால் மட்டும் போதாது, புகைப்படம் புகைப்படமாகத் திறக்க வேண்டும்.

பிட்லாக்கர் என்ற பூட்டு

மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்து பயன்படுத்தும் பல லேப்டாப்புகளில், உரிமையாளருக்கே தெரியாமல் பிட்லாக்கர் என்ற டிஸ்க் குறியாக்கம் (டிஸ்க்கில் உள்ளதைப் பூட்டி வைப்பது) இயங்கிக்கொண்டிருக்கும். எல்லாம் வழக்கம்போல் நடக்கும்வரை அது கண்ணில் படாது. பயாஸை அப்டேட் செய்தாலோ, டிபிஎம் அமைப்பை மாற்றினாலோ, ரெகவரி திரைக்குள் போனாலோ, நீலத் திரை ஒன்று வந்து 48 இலக்க எண்ணைக் கேட்கும். அந்த எண் இல்லாமல் உள்ளே இருக்கும் தரவை யாராலும் எடுக்க முடியாது. வேறொரு கணினியிலோ போனிலோ உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கின் இணையப் பக்கத்தில் நுழைந்து, டிவைசஸ் பகுதியில் பிட்லாக்கர் ரெகவரி கீயைத் தேடி, காகிதத்தில் எழுதி வையுங்கள். போனில் ஸ்கிரீன்ஷாட் எடுத்தாலும் சரி. அந்த லேப்டாப்பிலேயே சேமிப்பது மட்டும் பயனில்லை.

விண்டோஸ் உரிமத்தையும் ஒரு பார்வை பாருங்கள். செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்தில், டிஜிட்டல் லைசென்ஸ் மூலம் ஆக்டிவேட் ஆகியிருக்கிறது என்று இருந்தால் கவலையில்லை. உரிமம் அந்த லேப்டாப்பின் வன்பொருளோடு சேர்ந்தது, துடைத்தாலும் இணையத்தில் இணைந்ததும் தானே திரும்பும். விண்டோஸ் ஹோம் வகையா, புரோ வகையா என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பென் டிரைவ் வழியில் போகிறவர்கள் அதே வகையைத்தான் போட வேண்டும்.

இனி ரீசெட்

சார்ஜரைச் செருகுங்கள். பழைய பேட்டரியை நம்பாதீர்கள். மின்வெட்டு வரும் நேரம் தெரிந்தால் அந்த நேரத்தைத் தவிர்த்துவிடுங்கள். பிரிண்டர், பென் டிரைவ், எக்ஸ்டர்னல் டிஸ்க் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். நகல் வைத்திருக்கும் டிஸ்க் லேப்டாப்பில் தொங்கிக்கொண்டிருக்கும்போது ரீசெட் செய்வதைப் போன்ற அசட்டுத் துணிச்சல் வேறில்லை.

தொடங்கும் முன் விண்டோஸ் அப்டேட்டை ஒருமுறை முழுதாக ஓடவிடுங்கள். 2025 ஆகஸ்ட் மாதப் பாதுகாப்பு அப்டேட் போட்ட பல கணினிகளில் ரீசெட் பாதியில் தோற்றுத் திரும்பியது. அதே மாதத்திலேயே மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட்டது. அந்த இரண்டுக்கும் நடுவில் உங்கள் லேப்டாப் நின்றுகொண்டிருக்கக் கூடாது.

செட்டிங்ஸ், அதில் அப்டேட் அண்டு செக்யூரிட்டி, அதில் ரெகவரி. மேலேயே ரீசெட் திஸ் பிசி என்றிருக்கும், கெட் ஸ்டார்ட்டட் பொத்தானைச் சுட்டுங்கள். முதல் கேள்வி, கோப்புகளை வைத்துக்கொள்ளவா, எல்லாவற்றையும் நீக்கவா? கோப்புகளை வைத்துக்கொள்ளும் கீப் மை ஃபைல்ஸ் வழியில் மென்பொருட்கள் மட்டும் போகும், உங்கள் ஃபோல்டர்கள் நிற்கும். நாம் வந்தது சுத்தம் செய்ய. ரிமூவ் எவ்ரிதிங்கைத் தேர்ந்தெடுங்கள்.

அடுத்து கிளவுட் டவுன்லோடா, லோக்கல் ரீஇன்ஸ்டாலா என்று கேட்கும். கிளவுட் என்றால் விண்டோஸைப் புதிதாக இணையத்திலிருந்து இறக்கும், 4 ஜிபிக்கு மேல் டேட்டா போகலாம். வீட்டில் பிராட்பேண்ட் இருந்தால் இதுவே மேல். உள்ளே இருக்கும் விண்டோஸ் கோப்புகளே கெட்டுப்போயிருந்தால் லோக்கல் வழி அந்தக் கெட்ட கோப்புகளை வைத்தே மறுபடி கட்டும். போன் ஹாட்ஸ்பாட்டை நம்பியிருப்பவர்கள் அன்றைய டேட்டா மிச்சத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

மூன்றாவது திரையில்தான் நிதானிக்க வேண்டும். சேஞ்ச் செட்டிங்ஸ் என்ற சிறிய நீல எழுத்தைப் பலர் பார்க்காமலே கடந்துவிடுகிறார்கள். அதைச் சுட்டினால் சில கேள்விகள் வரும். எல்லா டிரைவ்களிலும் உள்ள கோப்புகளை அழிக்கவா என்ற கேள்வி அணைந்த நிலையில் இருக்க வேண்டும், இயக்கினால் டி டிரைவ் காலி. கிளீன் டேட்டா என்ற கேள்வி, அழித்ததை மீட்டெடுக்க முடியாதபடி டிஸ்க்கைத் துடைப்பதற்கானது. லேப்டாப்பை விற்கும்போதோ யாருக்காவது கொடுக்கும்போதோ அது வேண்டும். நீங்களே பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் பழைய ஹார்ட் டிஸ்க்கில் மணிக்கணக்கில் காத்திருப்பதுதான் மிச்சம், அணைத்தே வையுங்கள். நிறுவனத்தின் மென்பொருட்களை மறுபடி போடவா என்று லோக்கல் வழியில் கேட்டால் வேண்டாம் என்று சொல்லலாம். அடுத்த திரையில் என்னென்ன நடக்கும் என்ற பட்டியல் வரும். படித்துவிட்டு ரீசெட்டை அழுத்துங்கள்.

திரை கறுத்து, நிறுவனத்தின் சின்னத்துக்குக் கீழே சதவீதம் ஓடத் தொடங்கும். எஸ்எஸ்டி என்றால் ஒரு மணி நேரத்தை ஒட்டி முடியும். ஹார்ட் டிஸ்க் என்றால் ஒரு மாலைப் பொழுதை ஒதுக்குங்கள். நடுவில் ஏதாவது ஒரு சதவீதத்தில் வெகுநேரம் அசையாமல் நிற்கும், சில முறை தானே அணைந்து எழும். பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்துவிடாதீர்கள். டிஸ்க் விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தால் வேலை நடக்கிறது என்று பொருள்.

எழுந்த பிறகு

நாடு, விசைப்பலகை, வைஃபை, கணக்கு என்று புதிய லேப்டாப்பைப் போலக் கேட்கும். வைஃபையே தெரியவில்லை என்றால் போனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து, போனில் யுஎஸ்பி டெதரிங்கை இயக்குங்கள். இணையம் வந்ததும் டிரைவரை விண்டோஸ் தானே தேடிக்கொள்ளும்.

டெஸ்க்டாப் வந்ததும் பழைய கோப்புகளைக் கொட்டக் கை பரபரக்கும். வேண்டாம். முதலில் விண்டோஸ் அப்டேட்டை, புதிதாக ஒன்றும் இல்லை என்று சொல்லும்வரை திரும்பத் திரும்ப ஓட்டுங்கள். பதிப்பு 22எச்2 என்று வர வேண்டும், விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பு அதுதான். ஆக்டிவேஷன் பக்கத்தைப் பாருங்கள். டிவைஸ் மேனேஜரைத் திறந்து மஞ்சள் குறி ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் லேப்டாப்பின் அடியில் உள்ள சீரியல் எண்ணை நிறுவனத்தின் ஆதரவுப் பக்கத்தில் கொடுத்து, அந்த மாடலுக்கான டிரைவரை மட்டும் இறக்குங்கள். டிரைவர்களைத் தானே தேடித் தருவதாகச் சொல்லும் மூன்றாம் நபர் மென்பொருட்கள் பக்கம் போக வேண்டாம். அங்கேயே புதிய பயாஸ் இருந்தால் அதையும் இப்போதே போட்டுவிடலாம். சோதனைக் கால ஆன்டிவைரஸ் ஒட்டிக்கொண்டிருந்தால் நீக்கிவிடுங்கள். அப்கிரேடு நடுவில் முட்டுவதற்கு அது ஒரு வழக்கமான காரணம், விண்டோஸோடு வரும் டிஃபெண்டரே போதும்.

இவ்வளவும் சரி என்றால் விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே விண்டோஸ் 11 தயார் என்ற அறிவிப்பு வரும். வரவில்லையென்றால் மைக்ரோசாஃப்ட் தளத்தில் விண்டோஸ் 11 இன்ஸ்டாலேஷன் அசிஸ்டன்ட்டை இறக்கி ஓட்டுங்கள். வெறும் லேப்டாப் என்பதால் தடங்கல் குறைவு.

மாறிய பிறகு 10 நாட்களுக்குள் பிடிக்கவில்லையென்றால், செட்டிங்ஸில் ரெகவரி பக்கத்தில் கோ பேக் மூலம் விண்டோஸ் 10-க்குத் திரும்பலாம். ஆகவே முதல் இரண்டு மூன்று நாட்கள் கேமரா, மைக், பிரிண்டர், ப்ளூடூத், டோக்கன் எல்லாவற்றையும் சோதித்துவிடுங்கள். பழைய கோப்புகளைத் திரும்ப வைப்பது அதற்குப் பிறகு. எழுத்துருக்களை முதலில் போட்டுவிட்டு ஆவணங்களைத் திறந்தால் வீண் அதிர்ச்சி மிச்சம். திரும்பிப் போகப் போவதில்லை என்று உறுதியானதும் ஸ்டோரேஜ் பக்கத்தில் டெம்பரரி ஃபைல்ஸில் முந்தைய விண்டோஸைத் தேர்ந்து நீக்கினால், சி டிரைவில் பல ஜிபி இடம் திரும்பக் கிடைக்கும்.

நிறுவனத்தின் அந்த மறைவான ரெகவரி பகுதி முதல் வழியில் போனவர்களின் டிஸ்க்கில் பெரும்பாலும் அப்படியே இருக்கும், அதற்குள் இன்னும் பழைய விண்டோஸ் 10-தான். ஏதாவது கோளாறு என்றதும் பழைய பழக்கத்தில் எஃப் 11-ஐத் தட்டி அதைக் கிளப்பிவிட வேண்டாம் என்று லேப்டாப்பைப் பகிர்ந்துகொள்ளும் மற்றவர்களிடமும் சொல்லிவையுங்கள்.